அம்மாவின் மூளைக்காக ஒரு வசவு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. என் அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாள்.

2. நிறுத்தச் சொன்னவர் என் சித்தப்பாவின் மனைவி, ரேவதி சின்னம்மா. திருப்பதியில் எடைக் குறைப்பு சென்டர் வைத்திருக்கிறார். மாத்திரைக்குப் பதில் டப்பாவில் பவுடர் கொடுத்தார்.

3. சில வாரங்களில் அம்மாவுக்குப் பேச்சின் நடுவே வார்த்தைகள் தொலைய ஆரம்பித்தன. வயசாகிவிட்டது என்றார்கள். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

4. நகரியில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பியவள், ரேணிகுண்டாவில் ரயிலை விட்டு இறங்கினாள். அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

5. ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தபோது மீட்டரில் எண்ணே வரவில்லை. அளவைத் தாண்டிவிட்டது என்பதற்கான எழுத்து மட்டும் வந்தது.

6. ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னம்மா ஒரு வாக்கியம் சொன்னார்.

7. அதைக் கேட்ட பிறகு, பழி வாங்குவது என்று நான் முடிவு செய்தேன்.

இது நடந்து ஓராண்டு ஆகிறது. இந்த வருட கங்கம்மா ஜாதரைக்கு, அந்த அம்மன் திருவிழாவுக்கு, திருப்பதியில் நாள் சாற்றிவிட்டார்கள் என்று தங்கை சுதா நேற்று செய்தி அனுப்பினாள். அதனால் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னம்மாவை இந்தக் குறிப்பு முழுக்க மரியாதையோடுதான் எழுதுவேன். புகார் மனுவிலும் அப்படித்தான் எழுதினேன். மரியாதையைக் குறைத்தால் படிப்பவருக்கு என் மேல் சந்தேகம் வரும். அது எனக்கு வேண்டாம்.

*

ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் நரம்பியல் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எலிகளின் மூளையைத் தலைமுடியை விட மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துப் பதிவு செய்வது என் பகுதி. எலிகள் இரண்டு கூட்டம். ஒன்றுக்குச் சாதாரணத் தீனி. மற்றதற்குக் கொழுப்பு மிகுந்த தீனி. எல்லாம் வளர்ந்த எலிகள். குட்டிகளின் மூளையைப் பற்றி நிறையப் பேர் படிக்கிறார்கள். முழுதாக வளர்ந்து முடிந்த மூளைக்கு உடல் பருமனும் சர்க்கரையும் என்ன செய்கின்றன என்பது எங்கள் கேள்வி.

ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது. மூளைக்குள் காவல் செல்கள் உண்டு. குப்பையை அள்ளுவதும் கிருமி வந்தால் விரட்டுவதும் அவற்றின் வேலை. உடலில் கொழுப்பும் சர்க்கரையும் நெடுநாள் மிஞ்சி நின்றால் இந்தக் காவலர்கள் உப்பிப்போய் எப்போதும் சண்டைக்கு நிற்பவர்களாக மாறுகிறார்கள். திருடன் இல்லாத வீட்டில், நரம்பு செல்கள் ஒன்றோடொன்று கை கோத்திருக்கும் இடங்களையே கடித்துத் துப்புகிறார்கள். இன்னொன்று, இன்சுலின் வந்து தட்டினாலும் செல்கள் சரியாகக் காது கொடுப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை நிறைய ஓடும்போதும் அவற்றின் வேலை தடுமாறுகிறது. நினைவைப் பதிய வைக்கும் பகுதிக்கு இந்த அடி சீக்கிரம் விழுகிறது.

இதில் சோம்பேறித்தனம் எங்கேயும் இல்லை. நான் பார்த்த எந்தச் சீவலிலும் ஒழுக்கக் குறைவுக்கான சாயம் ஏறவில்லை.

தீனியை மாற்றினால் சில சேதங்கள் திரும்புகின்றன. சில திரும்புவதில்லை. எலியில் கண்டது மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் எங்கள் துறையிலேயே சண்டை இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துத்தான் நான் சொல்வேன். மூன்று வருடம் முன்பு லீவில் வந்தபோது, சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சின்னம்மா கேட்டார், சொன்னேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் வைத்த மைசூர்பாகைத் தொடாமல் அவ்வளவு கவனமாகக் கேட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

*

சின்னம்மாவின் சென்டரை நான் பார்த்தது சுதாவின் போன் வழியாகத்தான். பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஷட்டர் கடை. காலை ஆறு மணிக்கு எல்லோரும் வந்துவிட வேண்டும். வரிசையாக மெஷினில் ஏறி எடை பார்க்க வேண்டும். சின்னம்மா எண்ணை உரக்கப் படிப்பார். குறைந்திருந்தால் கைத்தட்டல். கூடியிருந்தால் சிவப்பு நிற யானைப் பொம்மை ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, பவுடர் கலக்கிய டம்ளர் காலியாகும்வரை நிற்க வேண்டும். சிரித்துக்கொண்டேதான் கொடுப்பார். வாங்குபவரும் சிரித்துக்கொண்டேதான் வாங்குவார்.

அம்மா அதில் சேர்ந்த புதிதில் போனில் பேசியது:

"இன்னாம்மா துன்ன?"

"பவுடர்தான். பத்து மணிக்கு ரெண்டு வெள்ளரிக்கா."

"மாத்திரை?"

"போட்டுக்கினுதான் கீறேன்." பிறகு பேச்சை மாற்றினாள். "இந்த வாரம் முழுக்க பொம்ம என் கைக்கு வரலடி. அந்த டீச்சரம்மாதான் மூணு நாளா புடிச்சிக்கினு நிக்குது, பாவம்."

மாத்திரையைப் பற்றிச் சொன்னது பொய். அப்போதே நிறுத்தியிருந்தாள். மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும், பவுடர் குடிப்பவருக்கு அது தேவைப்படாது, ஜெர்மனியில் சயின்டிஸ்டாக இருக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளையே சொல்லிவிட்டாள் என்று சின்னம்மா சொல்லியிருக்கிறார். நான் சொன்னதாக. அம்மா அதை என்னிடம் கேட்டு உறுதி செய்யவில்லை. நான் சொன்னதை என்னிடமே கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வேனாம்.

சென்டர் வாசலில் ஒரு பிளெக்ஸ் இருந்தது. மேலே தெலுங்கில், கொழுப்பு மூளையைத் தின்கிறது என்ற வாசகம். கீழே இடப்பக்கம் 'அப்புடு', அதாவது அப்போது, என்று போட்டு, நைட்டியில் நிற்கும் என் அம்மாவின் முழு உருவப் படம். வலப்பக்கம் 'இப்புடு', இப்போது, என்று போட்டு, ஒல்லியான பெண்ணின் கறுப்பு நிழல். நிழலின் மேல் 'விரைவில்' என்று ஒட்டியிருந்தார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கும் உயரத்தில் அது தொங்கியது. அம்மா காய்கறி வாங்க அந்த வழியாகத்தான் போவாள்.

*

ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் அம்மாவைக் கண்டுபிடித்தது நைனாவின், அதாவது என் அப்பாவின், ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் ஒருவர். ஷிப்டுக்குப் போகிற வழியில் பார்த்திருக்கிறார். "இன்னா அக்கா இங்க குந்திக்கினு கீற?" என்று கேட்டதற்கு அம்மா, "எடை பாக்கப் போவணும், எந்தப் பக்கம்?" என்று கேட்டாளாம். நாக்கு வறண்டு உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது என்றார். மகள்களின் பெயரைக் கேட்டதற்கு நெடுநேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு பொண்ணு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நைனாவிடம் தெளிவாகவே சொன்னார். மாத்திரையை நிறுத்தியதில் சர்க்கரை ஏறி, உடம்பில் நீர் வற்றி, மூளை குழம்பியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து. குழப்பம் தெளியும். ஆனால் வருடக்கணக்கான பருமனும் சர்க்கரையும் ஏற்கெனவே செய்தது என்ன, இது அதன் மேல் சேர்த்தது என்ன என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

சுதா போனை வீடியோவில் போட்டு வராந்தா பெஞ்சில் வைத்திருந்தாள். நான் இருப்பது தெரியாமலோ தெரிந்தோ, சின்னம்மா சுதாவிடம் சொன்னார்:

"அக்கா வாயக் கட்டல. ஒடம்புல கொழுப்பு ஏறினா மூள மந்தமாத்தானே போவும்? உங்கக்காளே சொல்லிச்சே. இதுக்கு நான் இன்னா பண்றது?"

அந்த வாக்கியத்தை நான் பல தடவை பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பாதி என் வேலையிலிருந்து எடுத்தது. ஒரு நோயாளியின் செல்லுக்குள் நடப்பதைப் பற்றி நான் பரிவோடு சொன்னதை எடுத்து, அவளைத் திட்டுவதற்கான காரணமாகத் திருப்பிப் போட்டார். என் பெயரைச் சொல்லி அம்மாவின் மாத்திரையை நிறுத்தினார். என் ஆராய்ச்சியைச் சொல்லி அம்மாவை முட்டாளாக்கினார். இரண்டுக்கும் என்னைத்தான் பயன்படுத்தினார்.

*

உடனே கிளம்ப முடியவில்லை. என் குடியிருப்பு அட்டை முடியும் தறுவாயில் இருந்தது. புதுப்பிக்காமல் போனால் திரும்ப உள்ளே வர முடியாது. வெளிநாட்டினர் அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கேட்டேன். ஐந்து வாரம் கழித்துக் கொடுத்தார்கள். நேரில் போய் ஜன்னலில் நின்று, அவசரம் என்று என் ஜெர்மன் மொழியில் விளக்கினேன். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, அம்மா மறக்கப்பட்டுவிட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். ஜன்னலுக்குள் இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரால்?" என்று மெதுவாகக் கேட்டார். தவறு உடனே புரிந்தது. ஆனால் திருத்தவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. சந்திப்பு நேரம் மட்டும் மாறவில்லை.

ஆய்வகத்தில் பக்கத்து மேஜைக்காரர் கொழுப்புத் தீனிக் கூட்டத்தை 'தடியன்கள்' என்பார். கெட்ட மனிதர் இல்லை, வாய்வழக்கு. அந்த வாரம் அவரிடம், இனி எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். வீட்டில் ஒருவருக்கு அதே பிரச்சினை என்றேன். அன்றிலிருந்து எண்ணைத்தான் சொல்கிறார். இவ்வளவு எளிதாக மாறக்கூடியது ஊரில் ஏன் மாறவில்லை என்று அவர் மேல்கூடக் கொஞ்சம் கோபம் வந்தது.

*

அம்மா வீடு திரும்பிய அடுத்த வாரம் நைனா போன் செய்தார்.

"கங்கம்மாவுக்கு வேஷம் கட்றேன்னு வேண்டிக்கினேன்மா. அம்மா பொழச்சி வந்துட்டா இல்ல."

திருப்பதி ஜாதரையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வாரத்தில் ஆண்கள் நாளுக்கு ஒரு வேஷம் கட்டுவார்கள். பண்ட வேஷ நாளில் உடம்பெல்லாம் குங்குமம் அப்பி, பூமாலை போட்டுக்கொண்டு தெருவில் வருவார்கள். அன்றைக்கு யாரையும், எந்த வார்த்தையாலும் திட்டலாம். வாங்குபவர் கோபப்படக் கூடாது. திட்டுபவர் அம்மனாகவே கருதப்படுவார். எங்கள் தெருவில் இன்னொன்றும் உண்டு. திட்டு வாங்கியவர் கை கூப்பி, ஆமாம், தப்புதான் என்று ஒத்துக்கொண்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றி அனுப்ப வேண்டும். அதோடு அந்த விவகாரம் முடிந்தது. வேஷத்தில் பேசியதை வேஷம் கலைந்தபின் யாரும் எடுக்க மாட்டார்கள்.

நைனாவும் சின்னம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே இல்லை. தம்பி மனைவியிடம் மூத்தவர் முகம் பார்த்துப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எதுவானாலும் "சொல்லும்மா" என்று அம்மா வழியாகத்தான் போகும். அந்த அம்மா வழிதான் இப்போது அடைபட்டிருந்தது.

"பண்ட வேஷந்தான் கட்டப் போறேன்," என்றார். "ஆனா நான் யாரயும் தெருவுல நின்னு திட்டனதில்லமா. இன்னா திட்றதுன்னே தெரியல."

"நான் எழுதித் தரேன் நைனா."

"கெட்ட வார்த்த எல்லாம் நீ எழுதாத."

"ஒண்ணுகூட இருக்காது."

எழுதினேன். வேலை நேரத்தில், வேலைக்குரிய கவனத்தோடு எழுதினேன். சுதா அதைப் படித்துப் படித்து அவருக்கு மனப்பாடம் செய்துவைத்தாள். நைனாவுக்குத் தமிழில் சொன்னால்தான் வாயில் நிற்கும், தெலுங்கில் கோபம் வராது என்றாள்.

பண்ட வேஷ நாள் வந்தது. அங்கே நண்பகல், இங்கே காலை. ஆய்வக வராந்தாவில் கையுறையைக் கழற்றாமல் போனை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். சென்டர் வாசலில் தப்பட்டைச் சத்தம். குங்குமத்தில் நைனா யாரென்றே தெரியவில்லை. அம்மா சுதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றாள். சின்னம்மா கூப்பிய கையோடு வெளியே வந்தார். நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"உன் மண்டக்குள்ள காவக்காரனே வூட்ட கொள்ளயடிக்க! சக்கர வாசப்படில வந்து குமிஞ்சும் உன் செல்லு கதவத் தெறக்காம பட்டினி கெடக்க! நேத்து வெச்சது இன்னிக்கி உன் கைக்கு எட்டாம போவ! ஒரு நரம்பு கைய இன்னொரு நரம்பு உட்டுட்டு ஓட!"

கூட்டம் சிரித்தது. இப்படி ஒரு வசவை யாரும் கேட்டதில்லை. "ஏம்பா, எந்த ஊரு சாபம் இது?" என்று ஒருவர் கேட்க, "ஜெர்மனி சரக்குடா," என்றார் இன்னொருவர். சின்னம்மாவும் சிரித்தார். நான் எழுதியது அதோடு முடிந்தது. நைனா நகரவில்லை.

"மாத்திரய நிறுத்தச் சொன்னியேடி," என்றார். குரல் இறங்கிவிட்டது. "எம் பொண்ணு சொன்னான்னு பொய் சொல்லி நிறுத்தச் சொன்னியே. அவ கையில பொம்மயக் குடுத்து நிக்க வெச்சியே. அவளுக்கு அவ பொண்ணுங்க பேரே மறந்துபோச்சேடி."

தப்பட்டை நின்றது. சின்னம்மா வழக்கப்படி தலை குனிந்தார். "அவுனு பாவா, தப்பே. நான்தான் நிறுத்தச் சொன்னேன். நான்தான் பொய் சொன்னேன். க்ஷமிஞ்சண்டி, மன்னிச்சிடுங்க." நைனாவின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். தப்பட்டை மறுபடி ஆரம்பித்தது. அம்மா அழுதாள். நைனா அடுத்த வீட்டுக்குப் போனார்.

எனக்கு அப்போது ஒரு நிமிடம் மனம் அடங்கியது. மறைக்க விரும்பவில்லை.

*

சாயங்காலம் சின்னம்மா சென்டரின் இணையப் பக்கத்தில் வீடியோவைப் போட்டார். அவர் ஆள் எடுத்தது. வசவு, சிரிப்பு, கூப்பிய கை, மஞ்சள் தண்ணீர், எல்லாம் இருந்தது. வெட்டக்கூட இல்லை. மேலே தெலுங்கில், 'அம்மன் நேரில் வந்து ஆசீர்வதித்த சென்டர். புதியவர்கள் சேரலாம்.'

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. வேஷத்தில் ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதாகாது. எங்கள் ஊர்ப்பக்கம் அந்த வீடியோவைப் பார்க்கும் யாரும் அதை வாக்குமூலமாகக் கேட்க மாட்டார்கள், பாக்கியமாகத்தான் பார்ப்பார்கள். திருப்பதியில் அது சரி. ஆனால் அதை அவர் இணையத்தில் போட்டார். இணையத்தில் நானும் இருக்கிறேன்.

வீடியோவை இறக்கிக்கொண்டேன். டாக்டரின் டிஸ்சார்ஜ் சீட்டை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி சுதாவிடம் கேட்டேன். பிளெக்ஸின் படமும் சேர்த்தேன். மருந்தை நிறுத்தச் சொல்ல அவருக்குத் தகுதி என்ன, டப்பாவில் இருப்பது என்ன என்று கேட்டு, மாவட்டத்தில் அதற்கான அலுவலகத்துக்கு இணைய வழியாகப் புகார் எழுதினேன். பள்ளித் தெலுங்கு துருப்பிடித்திருந்தது. சுதா திருத்தினாள். அனுப்புவதற்கு முன்னால் நைனாவிடம் சொன்னேன்.

"அது வேஷத்துல சொன்னதுமா," என்றார்.

"உண்மைதானே சொன்னாங்க?"

"உண்மதான். ஆனா அம்மன் கேட்டு சொன்னது. அத எடுத்துக்கினு போயி ஆபீசுல வெக்கக்கூடாது. நான் திட்டிட்டேன், அது தண்ணி ஊத்திச்சி. முடிஞ்சிபோச்சி."

"வேஷம் கட்டினது நீங்க. நான் கட்டல நைனா. என் காலுல யாரும் தண்ணி ஊத்தல."

அவர் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா, "இன்னாத்துக்குடி அவரு மூஞ்சி இப்டி ஆயிடுச்சி?" என்றாள். சொன்னேன். அம்மா கேட்டாள்:

"அந்த டீச்சரம்மாவும் சக்கர மாத்திர நிறுத்திக்கினுதான் கீறாங்களாமே. இத அனுப்பினா அவங்க போட்டுக்குவாங்களா?"

"அதுக்குந்தான்மா."

"அப்ப அனுப்பு."

அனுப்பினேன். டீச்சரம்மாவுக்காக மட்டும் அனுப்பினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவருக்காகவும் அனுப்பினேன். முதல் காரணம் வேறு. வராந்தாவில் சொன்ன அந்த வாக்கியத்துக்குச் சின்னம்மா எங்காவது ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, வேஷமில்லாத ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கை கூப்பாமல், தப்பட்டைச் சத்தம் இல்லாமல்.

*

இப்போதைய நிலை இது.

அம்மா மாத்திரை போடுகிறாள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் சுதாவோடு நடக்கிறாள். உடம்பு பெரிதாக இளைக்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. எங்கள் பெயர்கள் எல்லாம் திரும்பிவிட்டன. நகரி வளைகாப்பு திரும்பவில்லை. கடையில் மூன்று பொருளுக்கு மேல் சொன்னால் ஒன்று விட்டுப்போகிறது. அது இனி வருமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல யாரிடமும் சொல்வதுமில்லை.

டீச்சரம்மா மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். பிளெக்ஸ் இறக்கப்பட்டது. சென்டரிலிருந்து பவுடர் மாதிரியை எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு வரவில்லை. சின்னம்மாவை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். ஷட்டர் பாதி திறந்து வியாபாரம் நடக்கிறது. வீடியோவை எடுத்துவிட்டார். என்னிடம் பிரதி இருக்கிறது. சித்தப்பா ஒருமுறை போன் செய்து, குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளலாமே என்றார். பிளெக்ஸ் தெருவில்தானே இருந்தது என்றேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

நைனா என்னோடு அம்மா வழியாகத்தான் பேசுகிறார். "சொல்லும்மா" என்ற குரல் பின்னாலிருந்து கேட்கும்.

எனக்குப் புதிய அட்டை வந்துவிட்டது. லீவு போட்டிருக்கிறேன். ஜாதரைக்கு வருகிறேன். புகாரைத் திரும்பப் பெறவில்லை.